கனடாப் பனிக்கு ஒரு டயர், ராமநாதபுரம் மழைக்கு ஒரு டயர்

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்க காக்கா (அண்ணன்) டொராண்டோவில் இருக்கிறார். தன் ஹோண்டா சிவிக் காருக்கு ஆல் சீசன் பெர்ஃபார்மன்ஸ் டயர் போட்டிருக்கிறார். வெயில், மழை, பனி எல்லாத்துக்கும் இது ஒன்றே போதும் என்கிறார். என்னிடம் ஸ்கோடா ஸ்லாவியா கார் இருக்கிறது, டயர் அளவு 205/55 ஆர் 16. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் வியாபார விஷயமாக ராமேஸ்வரத்துக்கும் தொண்டிக்கும் ஓட்டம்தான். இந்த மழைக்கு நானும் அந்த டயரையே வாங்கலாமா? காக்காவுக்கு அங்கே பனிக்காலத்தில் அது உண்மையிலேயே போதுமா? 17 இஞ்ச் அலாய்க்கு மாறினால் பிடிப்பு கூடுமா, அண்ணே?"

நான் கனடாவில் டயர் கடையில் பல வருடம் வேலை பார்த்தவன். இப்போது ராமநாதபுரத்தில் கடை வைத்திருக்கிறேன். இரண்டு ஊர் ரோட்டிலும் தேய்ந்த டயர்களைக் கழற்றிப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் சுருக்கமான பதில்: உங்கள் காக்காவின் டயர் டொராண்டோ நகரத்துக்குள், ரோட்டில் பனியை வாரிக் கொட்டிய பிறகு ஓட்டுவதற்குச் சமாளிக்கும். ஐஸ் பிடித்த ரோட்டுக்குப் போதாது. உங்களுக்கு அந்த டயர் தேவையே இல்லை. 17 இஞ்ச் வேண்டவே வேண்டாம்.

சரி, காரணத்துக்கு வருவோம்.

டயர் எந்தக் காலத்துக்கு ஏற்றது என்பதை அதன் ரப்பர் கலவைதான் முதலில் தீர்மானிக்கிறது. இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கார்பன் பிளாக், சிலிக்கா, எண்ணெய், பிசின் எல்லாம் எந்த விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து, ஒவ்வொரு கலவைக்கும் தாங்கும் வெப்ப எல்லை ஒன்று உண்டு. கோடைக்கான பெர்ஃபார்மன்ஸ் டயர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைக்க ஆரம்பிக்கும். ரப்பர் வளைந்து ரோட்டின் பொடிப்பொடியான மேடு பள்ளங்களுக்குள் இறங்கினால்தான் பிடிப்பு. விறைத்துவிட்டால் மேலே வழுக்கிக்கொண்டு போகும். கடுங்குளிரில் அந்த டயரை அசைத்தாலே விரிசல் விடலாம் என்று கம்பெனிகளே எச்சரிக்கின்றன. பனிக்கால டயரின் கலவையோ உறைநிலைக்குக் கீழேயும் இளகியே இருக்கும். அதன் முகத்தில் கத்தியால் கீறியதுபோல் ஆயிரக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அந்த வெட்டுகளுக்குள் பனி போய் அடைத்துக்கொள்ளும், அடைத்த பனி ரோட்டிலிருக்கும் பனியைப் பிடிக்கும். பனியில் ரப்பரைவிடப் பனிக்கே பிடிப்பு அதிகம்.

ஆல் சீசன் டயர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வட அமெரிக்காவின் கோடை, மழை, லேசான பனி மூன்றையும் ஒரே செட்டில் ஓட்ட நினைப்பவர்களுக்காகச் செய்தது. பெர்ஃபார்மன்ஸ் என்ற சொல் சேரும்போது ஸ்டியரிங் திருப்பியதும் கார் உடனே திரும்புவது, அதிக வேகம் தாங்குவது, ஈர ரோட்டில் நன்றாக நிற்பது ஆகியவற்றின் பக்கம் அது இன்னும் சாய்கிறது. அந்தச் சாய்வுக்குக் கொடுக்கும் விலை பனியில்தான் தெரியும்.

உங்கள் காக்காவை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் என்ன முத்திரை இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எம் பிளஸ் எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால், சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பள்ள அமைப்பு இருக்கிறது என்று கம்பெனி தானே சொல்லிக்கொள்வது அது. அதற்குப் பனியில் ஓட்டிச் சோதித்த ஆதாரம் தேவையில்லை. மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ என்று படம் இருந்தால், இறுகிய பனியில் இழுவைச் சோதனை செய்து, ஒப்பீட்டு டயரைவிடக் குறிப்பிட்ட அளவு மேலே வந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சோதனையிலும் ஒரு குறை உண்டு. வட அமெரிக்காவில் 1999-இல் வந்தபோதே அது பனியில் கிளம்பும் இழுவையைத்தான் அளந்தது. ஐஸில் பிரேக் பிடிப்பதை அளக்கவில்லை. ஆகவே மலை முத்திரை இருக்கும் டயர்களுக்குள்ளேயும் ஐஸில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

இப்போது பெயர் சொல்லி ஒப்பிடுகிறேன். அங்கே இந்த வகையில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது மூன்று டயர்களை: மிஷெலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4, கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம் கான்டாக்ட் டிடபிள்யூஎஸ் 06 பிளஸ், பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்ஈ 980 ஏஎஸ் பிளஸ். மூன்றிலும் எம் பிளஸ் எஸ் உண்டு, மலை முத்திரை கிடையாது. அமெரிக்கத் தர முத்திரையில், டயர் எவ்வளவு உழைக்கும் என்பதைக் காட்டும் தேய்மான எண் ஒன்று உண்டு. மூன்றுக்கும் அது முறையே 540, 560, 500. இந்தத் தேய்மான எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போடுகிறது. அதனால் ஒரு கம்பெனியின் 540-ஐ இன்னொரு கம்பெனியின் 500-உடன் நேராக ஒப்பிட்டு இதுதான் நீடிக்கும் என்று முடிவு செய்யக் கூடாது.

காய்ந்த ரோட்டிலும் மழை ரோட்டிலும் எனக்கு மிஷெலின்தான் முதலில். ஸ்டியரிங் கையில் பேசும், ஈரத்தில் நிற்பது கோடை டயருக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கான்டினென்டல் அதைவிட மெத்தென்று போகும், திருப்பத்தில் கொஞ்சம் சோம்பல், ஆனால் பனியில் இந்த வகைக்கு நன்றாகவே இழுக்கும். பிரிட்ஜ்ஸ்டோனும் லேசான பனியில் குறை வைக்காது, ஈர ரோட்டில் மற்ற இரண்டுக்கும் ஒரு படி கீழே வைப்பேன். மூன்றையும் ஐஸில் கொண்டுபோய் நிறுத்தினால் இந்த வித்தியாசங்கள் ஒன்றுக்கும் உதவாது.

ஐஸ் என்றால் என்ன அளவு என்று ஒரு கணக்கு சொன்னால் புரியும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் காய்ந்த தார் ரோட்டில் பிரேக் பிடித்தால் 12, 13 மீட்டரில் நிற்கும். ஐஸில் உராய்வு அதில் எட்டில் ஒரு பங்குதான் என்று வைத்தால் அதே கார் நிற்க 100 மீட்டர் தேவை. அதிலும் மைனஸ் 20-இல் இருக்கும் ஐஸைவிட, உறைநிலையை ஒட்டி இருக்கும் ஐஸ்தான் ஆபத்து, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலம் இருக்கும். பிளிஸாக் போன்ற பனிக்கால டயர்களின் கலவையில் நுண்ணிய துளைகள் இருப்பது அந்தப் படலத்தை உறிஞ்சி ரப்பரை ஐஸில் உட்கார வைக்கத்தான். ஆல் வீல் டிரைவ் கார் என்று நம்பி ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நாலு சக்கரமும் இழுத்தால் கார் கிளம்பும். நிற்பதற்கு அது உதவாது, எல்லாக் காரும் நாலு சக்கரத்தாலும்தானே நிற்கிறது.

காக்காவுக்கு இரண்டு செட் வைத்துக்கொள்ள இடமும் பணமும் இருந்தால், டிசம்பர் முதல் மார்ச் வரை தனி ரிம்மில் முழுப் பனிக்கால டயர், மற்ற மாதங்களுக்கு இப்போது இருக்கும் டயர் என்று வைத்துக்கொள்வதே சரி. இரண்டு செட்டுமே பாதிப் பாதியாகத் தேயும் என்பதால் நீண்ட கணக்கில் செலவு அவ்வளவாகக் கூடாது. ஒரே செட்தான் முடியும் என்றால் மலை முத்திரை உள்ள ஆல் வெதர் வகைக்கு மாறட்டும்: மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2, நோக்கியன் டபிள்யூஆர் வரிசை, வ்ரெடெஸ்டைன் குவாட்ராக் ப்ரோ. கடைசியாகச் சொன்னது டச்சுக் கம்பெனி, 2009-இல் நம் அப்போலோ டயர்ஸ் வாங்கியது. இவற்றில் ஸ்டியரிங் துடிப்பு காக்காவின் இப்போதைய டயர் அளவுக்கு இருக்காது. பனியில் பயம் பாதி குறையும்.

ஒன்டாரியோவில் பனிக்கால டயர் கட்டாயம் இல்லை. ஆனால் போட்டிருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 ஜனவரி முதல் விதி இருக்கிறது. காக்கா அதைக் கேட்டு வாங்கட்டும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம், அங்கே மலை முத்திரை இருந்தே ஆக வேண்டும்.

கான்டினென்டல் டயரில் எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் அது தேவைப்படும். ரோட்டில் படும் முகத்திலேயே டி, டபிள்யூ, எஸ் என்று மூன்று எழுத்து வெட்டியிருப்பார்கள். காய்ந்த ரோடு, ஈரம், பனி. டயர் தேயத் தேய முதலில் எஸ் அழியும், அன்றோடு பனிக்கு அது ஆகாது. அடுத்து டபிள்யூ அழியும், அன்றோடு மழைக்கு ஆகாது. டி மட்டும் மிச்சம் நிற்கும்போதும் பார்வைக்கு டயரில் பட்டன் (பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர்க் கட்டைகள்) இருக்கத்தான் செய்யும். நம் ஊரில் கார் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த நிலையில்தான் ஐப்பசி மழைக்குள் நுழைகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை.

இனி உங்கள் கார்.

நம் கடற்கரையில் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சித்திரை, வைகாசி மதியத்தில் தார் ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரியை நெருங்கும். ஆக, 7 டிகிரிக்குக் கீழே இளகி இருப்பதற்காகச் சேர்த்த கலவையும், பனிக்காக வெட்டிய கீறல்களும் உங்களுக்கு ஒரு நாளும் வேலை செய்யப்போவதில்லை. அதற்குப் பதில் கெடுதல்தான் உண்டு. கீறல் அதிகமான டயரின் கட்டைகள் வெயிலில் நெளியும், சூடாகும், சீக்கிரம் கரையும். காய்ந்த ரோட்டில் பிரேக் தூரமும் கூடும். கிராஸ்கிளைமேட் மாதிரி டயரை இங்கே போட்டால் இது நன்றாகவே தெரியும். காக்காவின் ஆல் சீசன் பெர்ஃபார்மன்ஸ் வகைக்கு இந்தக் குறை குறைவு, ஆனால் நல்ல கோடை டயர் செய்யும் வேலையைவிட அது அதிகமாக எதையும் செய்யாது.

நமக்கு எதிரி தண்ணீர்தான். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் தேவிபட்டினத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கண்மாய் நிறைந்து ரோட்டைத் தாண்டிப் போகும் தாழ்வான இடங்கள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகும் நேர் ரோட்டில் கால் தானாக ஆக்சிலேட்டரை அமுக்கும், ஆனால் லாரி ஓடி அமுங்கிய சக்கரத் தடத்தில் தண்ணீர் நிற்பது இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் தெரியாது.

80 கிலோமீட்டர் வேகத்தில் கார் வினாடிக்கு 22 மீட்டர் போகிறது. ரோட்டில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் உங்கள் டயர் ஒவ்வொன்றும் வினாடிக்குப் பத்து லிட்டருக்கு மேல் தண்ணீரை விலக்கியாக வேண்டும். புது டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளங்கள் அந்தத் தண்ணீரை வாங்கிப் பின்னாலும் பக்கத்திலும் தள்ளிவிடும். 2 மில்லிமீட்டர் பள்ளத்தில் அவ்வளவு தண்ணீர் போக வழியில்லை. டயருக்கு முன்னால் தண்ணீர் குவிந்து, அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து, டயரைத் தூக்கிவிடும். அப்போது ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். டயர் மறுபடி ரோட்டைத் தொடும்வரை வேறொன்றும் செய்யக் கூடாது.

இதில் காற்றுக்கும் பங்கு உண்டு. விமான டயர்களை வைத்து 1960-களில் நாசா கண்ட கணக்கு ஒன்று இருக்கிறது. டயர் தண்ணீரில் மிதக்க ஆரம்பிக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது அதன் சாரம். அந்தக் கணக்குப்படி 33 பிஎஸ்ஐ இருந்தால் சுமார் 95 கிலோமீட்டர் வேகம், 25 பிஎஸ்ஐ இருந்தால் சுமார் 83. கார் டயர் அகலமானது, அதனால் தேய்ந்த டயர் இதற்கும் முன்பே மிதக்கலாம். மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று நம் பக்கம் சிலர் சொல்வது தவறு. கம்பெனி உங்கள் காரில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். ஓடி வந்த சூட்டில் அளந்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

சட்டப்படி கார் டயரில் 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும். பள்ளத்தின் அடியில் குறுக்கே சின்ன மேடு இருக்கும், டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் சட்டத்தின் எல்லை அதுதான். மழைக்கு என் எல்லை 3 மில்லிமீட்டர். புரட்டாசியிலேயே கடைக்கு வந்து ஆழம் அளக்கும் கருவியை உள்ளே, நடுவே, வெளியே என்று மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும் டயர், அலைன்மென்ட் விலகியிருந்தால் உள்விளிம்பில் மொட்டையாக இருக்கும்.

மழையின் முதல் அரைமணி நேரம் தனிக் கதை. ஆறு மாதமாக ரோட்டில் படிந்த தூசி, டீசல், உப்புப் படிவு எல்லாம் இளகி மேலே வரும். நம் பக்கம் அதோடு மீன் வண்டித் தண்ணீரும் சேரும். மண்டபத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் ஐஸ் போட்டு மீன் ஏற்றிவரும் வண்டிகளிலிருந்து வழிகிற தண்ணீரில் மீன் எண்ணெய் இருக்கிறது. வண்டி வேகம் குறைத்து நிற்கும் வளைவிலும் செக்போஸ்ட்டிலும்தான் அது அதிகம் சிந்தும். காய்ந்த நாளில் வாடை மட்டும் வரும், தூறல் விழுந்தால் அந்த இடம் சோப்புத் தண்ணீர். எந்த டயரும் இதற்கு முழுப் பதில் ஆகாது, வேகத்தைத்தான் குறைக்க வேண்டும்.

பாம்பன் ரோட்டுப் பாலத்திலும் அப்படியே. 1988 அக்டோபர் 2-இல் திறந்த, 2.3 கிலோமீட்டர் நீளப் பாலம். அதில் இடைவெளி இணைப்புகளின் இரும்பு ஈரத்தில் வழுக்கும், பக்கவாட்டில் வாடைக் காற்று காரைத் தள்ளும். இதற்கு நடுவே ரயில் பாலத்தைப் பார்க்க முன்னால் போகிறவர் சொல்லாமல் நிறுத்துவார். இரும்பின் மேல் சக்கரம் இருக்கும்போது பிரேக்கும் ஸ்டியரிங் திருப்பமும் கூடாது.

தனுஷ்கோடிக்குச் சுற்றுலா ஆட்களைக் கூட்டிப்போவீர்கள் என்றால் ஒன்று. 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு போட்ட பிறகு எல்லாக் காரும் போகிறது. ஆனால் காற்று அடித்தால் ரோட்டின் மேல் மணல் படரும், தார் மேல் மெல்லிசாகப் பரவிய மணலில் பிரேக் பிடித்தால் கார் நிற்காமல் போகும். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அங்கே பயனில்லை.

அடுத்து, கடையில் தினமும் நான் சண்டை போடும் விஷயம். டயர் இரண்டு மட்டும் மாற்றுகிறவர்கள் புது டயரை முன்னால் போடச் சொல்வார்கள். இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம்தானே என்பது அவர்கள் நியாயம். மழையில் இது ஆபத்து. முன்டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் மறுபடி பிடிக்கும். பின்டயர் தேய்ந்து வழுக்கினால் காரின் பின்பக்கம் சுழன்று குறுக்கே திரும்பிவிடும், சாதாரண டிரைவரால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆகவே பள்ளம் அதிகம் உள்ள ஜோடி பின்னால் போக வேண்டும், முன்சக்கரம் இழுக்கும் கார் ஆனாலும். கனடாவில் முன்னால் மட்டும் இரண்டு பனிக்கால டயர் போடுகிறவர்களுக்கு நடப்பதும் இதேதான். காக்கா எதை வாங்கினாலும் நாலும் ஒரே டயராக இருக்கட்டும்.

17 இஞ்ச் கேள்விக்கு நம் மண்ணே பதில் சொல்லும். ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் உயரம் குறையும். பள்ளத்தில் விழுந்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கிப் புடைப்பு வரும், அதற்கு ரிப்பேர் கிடையாது. அகலம் கூடினால் மழையில் மிதப்பதும் சீக்கிரம். இதற்கு மேல் சீமைக் கருவேல முள். விறகு ஏற்றிய டிராக்டரும் கரி ஏற்றிய லாரியும் போகாத ரோடு நம் மாவட்டத்தில் ஏது? அந்த முள் ஆணி மாதிரி இல்லை. ஏறியதும் ஒடிந்து உள்ளேயே நின்றுகொள்ளும், டியூப்லெஸ் டயரில் சத்தமே வராது, நாலு நாளுக்கு மூன்று பிஎஸ்ஐ என்று கசியும். சோப்புத் தண்ணீர் விட்டால்கூடச் சில சமயம் குமிழி வராது. டயரைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்துத்தான் முனையைக் கண்டுபிடிக்கிறோம், பல சமயம் அது விரலைக் குத்தித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ரோட்டில் படும் பகுதியில் ஏறியிருந்தால் உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் வைத்துச் சரிசெய்யலாம். பக்கச்சுவரில் ஏறியிருந்தால் டயர் போச்சு. 16 இஞ்ச் ரிம்மில் 55 சுவர் (டயர் அகலத்தில் 55 சதவீத உயரம்) உங்களுக்கு நல்ல அளவு, அதை விடாதீர்கள்.

முள் இல்லாமலே காற்று இறங்குகிறதா, ரிம்மைப் பாருங்கள். இது டொராண்டோவிலும் ராமநாதபுரத்திலும் எனக்கு ஒரே வேலை. அங்கே ஐஸ் உருகுவதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். இங்கே கடல் காற்றே உப்பு, வாலிநோக்கம் பக்கம் போனால் உப்பு லாரி சிந்தியதும் சேரும். டயரைக் கழற்றினால் அலாய் ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்து நிற்கும், நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். அந்தப் பொரி வழியாகத்தான் காற்று போகிறது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பீட் சீலர் (விளிம்பை அடைக்கும் பசை) தடவி, மறுபடி ஏற்றினால் நின்றுவிடும். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் சக்கரத்தின் உள்பக்கத்தையும் சேர்த்துக் கழுவினால் இந்த வேலையே வராது.

என்ன வாங்கலாம்? உங்கள் அளவுக்கு மிஷெலின் பிரைமசி 4 எஸ்டி, கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட் யூசி6, வ்ரெடெஸ்டைன் அல்ட்ராக், எம்ஆர்எஃப் பெர்ஃபின்சா என்று தேடுங்கள். மழையில் நிற்பதை முதலில் வைத்தால் என் கை மிஷெலினுக்கும் கான்டினென்டலுக்கும்தான் போகும். பட்ஜெட் இடிக்கிறது என்றால், இருபதாயிரம் கிலோமீட்டர் கூட ஓடும் என்று சொல்லி விற்கும் கடினமான டயரைவிட, கொஞ்சம் சீக்கிரம் தேய்ந்தாலும் ஈரத்தில் பிடிக்கும் டயரை எடுங்கள். மைலேஜுக்காகவே செய்த டயர்கள் ஈரத்தில் எப்படி வழுக்குகின்றன என்பது கார்த்திகை மாதம் கடைக்கு இழுத்து வரும் கார்களைப் பார்த்தால் தெரியும்.

காக்கா ஊருக்கு வரும்போது அந்த டயரையே நாலு கொண்டு வரட்டுமா என்று யோசித்திருப்பீர்கள். புது டயர் இறக்குமதியை 2020 ஜூனில் மத்திய அரசு கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது, இங்கே விற்கும் கார் டயருக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். அந்த அலைச்சல் வேண்டாம்.

வாங்கும்போது பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3525 என்றால் 2025-இன் 35-ஆவது வாரத்தில் செய்தது. ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள். நம் வெயிலில் கடைக்கு வெளியே அடுக்கி வைத்த டயரை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள், ஓசோனும் வெயிலும் ரப்பரை ஓடாமலே கெடுத்துவிடும். அப்புறம், ஸ்டெப்னியின் தேதியையும் அன்றைக்கே பாருங்கள். டிக்கிக்குள் தொடாமல் கிடந்து, பட்டன் முழுசாக இருந்தும் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்போடு வரும் ஸ்டெப்னிகளை அடிக்கடி பார்க்கிறேன். தொண்டி ரோட்டில் ராத்திரி மழையில் அதைத்தான் மாட்டப்போகிறீர்கள் என்பதால், ஸ்டெப்னி ரிம்மும் அதே 16 இஞ்ச் என்றால், புது டயர் போடும் அன்றே பழைய நாலில் நல்லதாக, வயது குறைந்த ஒன்றை ஸ்டெப்னிக்கு மாற்றி, அதில் 36 பிஎஸ்ஐ காற்று வைத்து மூடிவிடுங்கள்.